கையெழுத்துப் போடத் தெரிந்தவனின் மூத்திரம்

என் கூட்டாளி மண்ணாங்கட்டி மூத்திரம் பெய்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயிறு எரிந்துபோனது.

நெல்லித்தோப்பில் நாங்கள் வேலை செய்கிற அரிசி மண்டிக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் ஒதுங்குவோம். மண்ணாங்கட்டி போய் நின்றால் ஐப்பசி மழை விழுகிற மாதிரி தகரம் சடசடவென்று அதிரும். லுங்கியை உதறிவிட்டு வந்துவிடுவான். நான் அவனுக்கு முன்னாலேயே போய் நின்றிருப்பேன். அவன் வந்து, பெய்து, பீடி பற்றவைத்து, பாதி பீடியை இழுத்து முடித்த பிறகும் நான் தகரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பேன். எனக்கு வருவது சொட்டு. ஒன்று விழும். அடுத்தது, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழும்.

"என்னா மச்சான், இன்னும் ஆவலியா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பான். கேட்கிற குரலில் கரிசனம் இருக்கும். என்னால் தாங்க முடியாதது அந்தக் கரிசனம்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சமமாகச் சொட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஐம்பத்தெட்டு வயது. ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், மூலக்குளம் பக்கம் இருக்கிற மக்கள் சிறுநீரியல் நிலையத்துக்குப் போனோம். ஒரே டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் புராஸ்டேட் வீங்கியிருக்கு. கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. உள்ள குழாய் விட்டு சுரண்டி எடுத்துட்டா சரியாயிடும். கீழ போய் பதிவு பண்ணிக்குங்க" என்றார். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது.

பதிவு கவுண்டரில் பூர்ணிமா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்காமல், "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டது.

மண்ணாங்கட்டி இடது கைக் கட்டைவிரலை நீட்டினான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பது நல்ல சுகம். என் முறை வந்தபோது, "கையெழுத்து" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தேன்.

ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. குருசுக்குப்பத்து ஸ்டெல்லாமேரி டீச்சர் மாதா கோயில் கூடத்தில் நடத்திய முதியோர் வகுப்பில் சேர்ந்த ஆண்பிள்ளைகள் ஒன்பது பேர். தேறினவன் நான் ஒருவன். எழுபத்தைந்து கிலோ மூட்டை ஏறின கைக்குப் பேனா கனமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கலியமூர்த்தி என்கிற என் பெயரில் 'மூ' என்று ஒரு எழுத்து இருக்கிறது. அதன் சுழி அடங்குவதற்கே நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ரேஷன் கடை, பேங்க் என்று எங்கே காகிதம் நீட்டினாலும் போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியருக்குக்கூடப் போட்டிருக்கிறேன்.

பூர்ணிமா அவனுக்குப் பச்சைச் சீட்டு கொடுத்தது. எனக்கு மஞ்சள் சீட்டு. மஞ்சள்தான் உசத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"பச்சை சீட்டு நேரா போங்க, ஆபரேஷன் தேதி குடுப்பாங்க. மஞ்சள் சீட்டு மாடிக்குப் போங்க."

"மாடியில என்னாம்மா?"

"புரிதல் பிரிவு."

மாடியில் வாசலுக்கு மேலே மூன்று பாஷையில் போர்டு இருந்தது. தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு. எங்கள் ஊரை ஒரு காலத்தில் ஆண்டது பிரெஞ்சுக்காரன். உள்ளே அறுபது பேர் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள், தபால்காரர், ஒரு வக்கீல். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக உட்கார எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வக்கீல் மட்டும் என்னைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். "நீங்க எப்போலேர்ந்து சார்?" என்றேன். "போன வருஷம் மாசி மாசம்" என்றார்.

பிரிவின் அதிகாரி பெயர் தனிஸ்லாஸ். டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் புரிதல் கிடையாது என்பதால் டாக்டர் அல்லாத ஒருவரைப் போட்டிருப்பதாக அவரே சொன்னார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு குச்சி. மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த ஆண்பிள்ளை இடுப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி மாட்டலாம்.

"போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். "முன்னெல்லாம் என்ன நடந்தது? டாக்டர் சொல்லுவார், நோயாளி தலையாட்டுவார், குணமாகிப் போயிடுவார். என்ன வந்தது, எப்படிப் போனதுன்னு அவருக்கே தெரியாது. எவ்வளவு பெரிய அவமானம்! இப்ப உங்களுக்கு உரிமை இருக்கு. உங்க உடம்பைப் பத்தி முழுசாப் புரிஞ்சுக்காம இந்த நிலையத்துல ஒருத்தர்கூட குணமாக நாங்க விடமாட்டோம். இந்தப் பிரிவு வந்த மூணு வருஷத்துல, புரியாம ஆபரேஷன் ஆன படிச்ச நோயாளி ஒருத்தர் இல்ல. வுவாலா, பாத்துக்குங்க!"

"புரிஞ்சு ஆனவங்க எத்தன பேருங்க?" என்று நான் கேட்டேன்.

"அந்தக் கணக்கை நாங்க எடுக்கறதில்ல" என்றார்.

"கைநாட்டு வெச்சவங்க நேராப் போறாங்களே சார்?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாது இல்லையா? அதனால 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்'னு நாங்களே எழுதிடுவோம். படிக்கத் தெரிஞ்சவருக்கு நாங்க அப்படி எழுதினா அது பொய்."

பிறகு ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அதில் முப்பத்து நான்கு சொற்கள். மூன்று கட்டமாகப் போட்டிருந்தது. பிரெஞ்சுக் கட்டம் மரபுக்காகவாம். தமிழ்க் கட்டத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் நோய்க்குப் பெயர் 'தீங்கற்ற சுக்கிலச் சுரப்பி மிகைவளர்ச்சி'. தீங்கற்ற என்று எழுதியிருக்கிறது. எழுதினவர் நன்றாகப் பெய்கிறவராக இருக்க வேண்டும்.

அவசரமாக வந்தது. கழிவறையைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் புத்தகக் கட்டு அடுக்கியிருந்தது. முப்பத்து நான்கு சொற்கள், ஆறாயிரம் பிரதி.

மூன்றாம் வாரம் மண்ணாங்கட்டிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், நம்பமாட்ட. சின்ன வயசுல போன மாதிரி போவுது. அப்பிடியே சுவத்துல பேரு எழுதலாம் போல இருக்குது" என்றான்.

"ஒனக்குத்தான் எழுதத் தெரியாதே" என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அதுவும் தீர்ந்துபோனது.

வீட்டில் என் பெண்டாட்டி அஞ்சலாட்சி வேறு. "அந்த அண்ணன் கைநாட்டு வெச்சுட்டு நிம்மதியாத் தூங்குது. நீ கையெழுத்துப் போட்டுட்டு ஆறு தடவ எழுந்து கொல்லைக்குப் போற. அண்ணன் பொண்டாட்டி சின்னப்பாப்பா தெனமும் தெருவுல நின்னு அவ புருசன் பெருமைய சொல்றா. நான் என்னாத்தச் சொல்றது? என் புருசன் முப்பத்து நாலு வார்த்த மனப்பாடம் பண்றாருன்னா?"

முதல் தேர்வில் தனிஸ்லாஸ் பிளாஸ்டிக் இடுப்பில் குச்சியை வைத்து, "இது என்ன?" என்றார்.

"புராஸ்டேட்."

"அது டாக்டருங்க பேசற கொச்சை. தமிழ்ல?"

சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தேன். "முன்னிலைச் சுரப்பி."

"தவறு. புத்தகத்துல சுக்கிலச் சுரப்பி. சுவத்துல இருக்கறது பழைய பதிப்பு."

"அப்ப எதுக்கு சார் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"பிரேம் போட்டாச்சு."

ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த ஆறு வாரமும் மூட்டை தூக்கும்போதெல்லாம் சொற்களைச் சொல்லிக்கொண்டேன். முதுகில் மூட்டை, வாயில் விரைமேல் நாளம். மண்ணாங்கட்டி வேலைக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று மழை பெய்தான்.

இரண்டாம் தேர்வில் முப்பத்து மூன்று சொற்களைச் சரியாகச் சொன்னேன். இருபத்தேழாவது சொல்லில் தடுக்கியது. புத்தகத்தில் அதற்கு எட்டு வரி விளக்கம். சொல்லும் வரிகளும் மறந்துபோயின. விஷயம் மறக்கவில்லை. என் பேச்சிலேயே சொன்னேன்: "ஆபரேஷனுக்கு அப்புறம், பொண்டாட்டிகூட இருக்கும்போது, வர வேண்டியது முன்னால வராதுங்க. உள்ள கதவு தொறந்தே கெடக்கறதால பின்னால மூத்திரப் பைக்குள்ள போயிடும். அப்புறம் மூத்திரத்தோட கலந்து வெளிய வந்துடும். ஒடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆம்பளத்தனம் போச்சுன்னு பயப்பட வேணாம்."

தனிஸ்லாஸ் குச்சியைக் கீழே வைத்தார். வருத்தமாகத்தான் பேசினார். "கலியமூர்த்தி, உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா சொல்லத் தெரியல. இப்படி எல்லாருக்கும் விளங்கற மாதிரி சொன்னா அதை எந்தக் கட்டத்துல நான் எழுதறது? விடை 'பின்னோக்கு விந்தேற்றம்'. மறுபடி வாங்க."

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். எனக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

மறுநாள் பேனாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, தலையைக் கலைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். "கையெழுத்தா, கைநாட்டா?"

"கைநாட்டுங்க."

பூர்ணிமா முதல் தடவையாகத் தலையைத் தூக்கியது. "போன தடவ கையெழுத்துப் போட்டிருக்கீங்களே பெரியவரே?"

"மறந்துட்டேம்மா. வயசாவுது."

அது என்னை ஒரு சின்ன அறைக்கு அனுப்பியது. 'எழுத்தறிவின்மை சரிபார்ப்பு' என்று கதவில் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காதது போல உள்ளே போனேன். என்னை மாதிரியே நிறையப் பேர் முயற்சி பண்ணியிருப்பார்கள் போல. வக்கீல் மூலையில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

தனிஸ்லாஸ் என் எதிரில் நின்று ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டினார். 'மாடு'. நான் சும்மா இருந்தேன். 'இட்லி'. சும்மா இருந்தேன். 'இந்த அதிகாரி ஒரு கழுதை'. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. நான்காவது அட்டையைத் தூக்கினார். 'உங்கள் வேட்டி அவிழ்ந்திருக்கிறது'.

இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போய்விட்டன.

"வுவாலா!" என்றார் தனிஸ்லாஸ். "இதுல யாரும் தப்பறதில்ல. கத்துக்கிட்டதை மறைக்கறது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? நிஜமாவே மறந்துட்டீங்கன்னா, கத்துக் குடுத்தவங்ககிட்ட 'இவருக்கு இப்போது ஒன்றும் தெரியாது'ன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. பச்சை சீட்டு தர்றேன்."

நான் குருசுக்குப்பத்துக்குப் போகவும் போனேன். டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் எங்கள் வகுப்பு போட்டோ. அதில் நான் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சிலேட்டில் என் பெயர். கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மண்டியில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், மண்ணாங்கட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு.

"மச்சான், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு பாரேன்."

"எதுக்குடா?"

கொஞ்ச நேரம் மூட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு... சின்னப்பாப்பாகூட இருக்கும்போது... ஒண்ணும் வர்றதில்ல மச்சான். ஒரு சொட்டுகூட. காஞ்சி போயிட்டேன். அறுக்கும்போது தெரியாம அதையும் அறுத்துட்டாங்கன்னு நெனைக்கறேன். அவளுக்குத் தெரியாது. மூணு மாசமா ஏதாச்சும் சாக்கு சொல்லிட்டு வெளிய படுத்துக்கறேன். யார்கிட்ட போய் கேக்கறது?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நடுவில் அது இருந்தது. பின்னோக்கு விந்தேற்றம். இருபத்தேழு. அடியில் 'படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்'. அதற்குக் கீழே அவனுடைய கட்டைவிரல்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவனைப் பார்த்து வயிறு எரியவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பெரிய பெரிய வார்த்தையா இருக்குதுடா. புத்தகத்தப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் தகரத் தடுப்புக்குப் பின்னால் அவன் போனான். மழைச் சத்தம் கேட்டது. ஆனால் அது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. உள்ளே நிற்கிறவன் பயந்துபோய் நிற்கிறான் என்று தெரியும். அவன் வெளியே வந்து, வழக்கமாகக் கேட்பதைக்கூடக் கேட்காமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அந்தக் கரிசனம் இல்லாமல் போனது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பின்னாலேயே ஓடி, ரெயில்வே கேட்டில் பிடித்தேன்.

தனிஸ்லாஸிடம் சொன்ன அதே வார்த்தைகளை அவனிடம் சொன்னேன். கதவு, பை, மூத்திரத்தோடு வெளியே வருவது, பயப்பட வேண்டாம் என்பது.

அவன் நடுரோட்டில் நின்று, "அப்பிடின்னா ஒண்ணும் போவலியா?" என்றான்.

"ஒண்ணும் போவல. வழிதான் மாறியிருக்குது."

சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனுக்கென்னாப்பா, படிச்சவன். ஒன்னப் பாத்தா எனக்கு எப்பவுமே எரியும் மச்சான்" என்றான்.

மூன்றாம் தேர்வுக்கு அவனும் கூட வந்தான். புதுப் பதிப்பு வந்திருந்தது. இப்போது நாற்பது சொற்கள். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். கழிவறையில் பழைய கட்டுக்கு முன்னால் புதிய கட்டையும் அடுக்கிவிட்டதால் கதவே திறக்கவில்லை. எழுந்து கீழே போனால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன். பதினோரு மணி, பன்னிரண்டு மணி. பிறகு அடக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. வரவே இல்லை. அடிவயிறு பாறை மாதிரி ஆகிவிட்டது. வேர்த்து ஊற்றியது.

"சார், இவருக்கு அடைச்சுக்கிச்சு!" என்று மண்ணாங்கட்டி கத்தினான்.

தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தார். "அது முப்பத்தாறாவது சொல். 'திடீர்ச் சிறுநீர்த் தேக்கம்'. எல்லாரும் பாத்துக்குங்க, இதுதான் சரியான உதாரணம்."

மண்ணாங்கட்டி என்னை அலேக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான், மூட்டையைப் போடுகிற மாதிரியே. மாடிப் படி முழுவதும் அப்படியே இறங்கினான். கீழே அவசரப் பிரிவில் டாக்டர் சிவசங்கரி என்று ஒரு சின்னப் பெண். காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடறீங்களா?" என்றது. பேனாவைப் பிடித்தேன். வலியில் 'க' என்பதே வரவில்லை.

"விடுங்க" என்று அந்தப் பெண் என் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தது. "படிச்சுக் காட்டணும். எனக்கே அதுல பாதி வார்த்தை தெரியாது பெரியவரே. குழாய் போடறேன், பிறகு ஆபரேஷன் பண்ணிடலாம். சரியா?"

சரி என்றேன். வேறென்ன புரிய வேண்டும்? குழாய் போனது. ஆயிரத்து நூறு மில்லி. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான பத்து நிமிஷம் வேறு கிடையாது. கட்டிலில் தொங்கிய பையை மண்ணாங்கட்டி குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "எனக்குக் குழாய் போட்ட அன்னிக்கு எண்ணூறுதான் வந்துச்சு" என்றான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் தனிஸ்லாஸ் வார்டுக்கு ஒரு பெரிய நோட்டோடு வந்தார். "உங்களுக்கு ஆபரேஷன் ஆனது எங்களுக்குச் சம்மதமில்ல. எங்க பதிவேட்டுல நீங்க இன்னும் புரியாத நோயாளி. அடுத்த மாசம் நாலாவது தேர்வுக்கு வரணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

நான் இடது கட்டைவிரலை நீட்டினேன்.

"உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!"

"எழுதத் தெரியும் சார். எதுக்குன்னுதான் புரியல."

அவர் போன பிறகு மண்ணாங்கட்டி வந்தான். கொஞ்சம் காலை அகட்டி நடந்து வந்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஒன்னத் தூக்கின அன்னிலேருந்து இங்க கவட்டுப் பக்கம் ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது மச்சான். டாக்டரம்மா பாத்துட்டு குடலிறக்கம்னு சொல்லுது. ஆபரேஷன் பண்ணணுமாம். கீழ போய் பதிவு பண்ணிக்கச் சொன்னாங்க" என்றான்.

"போய்ப் பண்ணிக்கடா."

"இல்ல மச்சான். மறுபடியும் அத்தினி பேரு முன்னால வெரல நீட்ட கூச்சமா இருக்குது. உன்ன மாதிரி நானும் பேனாவ எடுத்து..." சட்டைப்பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்தான். மூடியில் விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை. "பேரு எழுத மட்டும் கத்துக் குடேன். அதுக்கப்புறம் போறேன்."

அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல ஆபரேஷன் முடியட்டும். எதை வெட்டறாங்க, எதை வெட்டலன்னு டாக்டரம்மாகிட்ட நல்லாக் கேட்டுக்கோ. அப்புறம் நானே ஒக்காந்து கத்துத் தரேன்" என்றேன். "அது வரைக்கும் அந்தக் கட்டைவிரலப் பத்திரமா வெச்சுக்கோ."